மரவள்ளி மாவுப்பூச்சியைக் கொல்லும் குளவி உங்கள் ஊருக்கு வந்துவிட்டதா? கண்டுபிடித்துப் பதிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி பக்கம் மரவள்ளி போட்டவர்களிடம் மாவுப்பூச்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குருத்து குட்டையாகிச் சுருண்டு கொத்தாக நிற்கும், கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கும், நுனியெல்லாம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2020இல் கேரளாவின் திருச்சூர் பக்கம்தான் இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது, அப்புறம் தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளுக்குள் வேகமாக இறங்கிவிட்டது. இதை அடக்க, பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் தமிழ்நாட்டுக்கான வெளியீட்டைத் தொடங்கியது.

ஆப்பிரிக்காவில் இதே பூச்சி 1970களில் நுழைந்து மரவள்ளியை நம்பியிருந்த மக்களைப் பட்டினி வரை தள்ளியது. 1981இல் பராகுவேயில் இந்தக் குளவியைத் தேடிப் பிடித்து நைஜீரியாவில் தொடங்கிப் பல நாடுகளில் விட்டார்கள், அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்திலும் 2009க்குப் பிறகு இதே குளவிதான் உதவியது. ஆக, குளவி வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. இப்போது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, எங்கே சேரவில்லை என்பதுதான் தெரிய வேண்டியது. ஒரு கிராமத்தில் குளவி நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் அங்கே மருந்து அடிப்பதை நிறுத்தச் சொல்லலாம், இல்லை என்று தெரிந்தால் அங்கே கொண்டுபோய் விடச் சொல்லலாம். "எங்க காட்டுலயும் சின்னதா ஏதோ பறந்துச்சு" என்ற பேச்சை வைத்து இந்த இரண்டையும் செய்ய முடியாது. எந்த மாவுப்பூச்சியிலிருந்து வந்தது, எந்த இடம், எந்தத் தேதி, யார் பார்த்தது என்ற நான்கும் ஒரே குளவியோடு ஒட்டியிருந்தால்தான் அது பதிவு.

முதலில் மாவுப்பூச்சியைப் பிரித்துப் பழகுங்கள்

குளவியைத் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒரே மரவள்ளிச் செடியில் மூன்று வகை மாவுப்பூச்சி சேர்ந்தே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒட்டுண்ணி வேறு. மரவள்ளி மாவுப்பூச்சி மாவுக்கு அடியில் இளஞ்சிவப்பாக இருக்கும், உடம்பைச் சுற்றி மெழுகு இழைகள் மிகக் குட்டையாக நிற்கும், குருத்திலும் நுனியிலும்தான் கூட்டமாக உட்காரும். இதில் ஆணே கிடையாது, பெண்ணே தனியாகப் பெருகும். பப்பாளி மாவுப்பூச்சி மாவுக்கு அடியில் மஞ்சள். இது 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் பாழாக்கிய பூச்சி. சந்தேகம் வந்தால் ஒன்றை ஆல்கஹாலில் போட்டுப் பாருங்கள், பப்பாளி மாவுப்பூச்சி நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். மூன்றாவது வால் மாவுப்பூச்சி: முதுகில் இரண்டு கருங்கோடு, பின்னால் நீண்ட இரண்டு வால், உடம்பெல்லாம் கண்ணாடி இழை போல மெல்லிய நூல். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

குருத்தில் பஞ்சு மாதிரி பெரிதாக ஒன்று வேகமாக நடந்துபோனால் ஏமாந்துவிடாதீர்கள், அது மாவுப்பூச்சி தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. அதைக் கொல்லவும் வேண்டாம், டப்பாவில் போடவும் வேண்டாம், போட்டால் நீங்கள் சேகரித்த எல்லாவற்றையும் அதுவே தின்று முடித்துவிடும்.

குளவி எப்படி இருக்கும், என்ன செய்யும்

குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவதை நினைக்கக்கூடாது. இது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கறுப்பு நிறம், மனிதரைக் கொட்டாது. காலை வெயில் ஏறும் நேரத்தில் 10 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு பூச்சி விழுந்த ஒரு குருத்து முன்னால் அசையாமல் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெண் குளவி இலைக் காம்பு வழியாகத் தத்தித் தத்தி நடந்து வந்து, ஒரு மாவுப்பூச்சியை இரண்டு உணர்கொம்புகளாலும் மாறி மாறித் தட்டும், சுற்றி வரும், மறுபடி தட்டும். பிடித்துப்போனால் திரும்பி நின்று பின்பக்கத்தை வைத்து அழுத்தும். மாவுப்பூச்சி உடம்பைத் தூக்கி உதறும், சில சமயம் பின்னாலிருந்து பிசுபிசுப்பான ஒரு துளியை வெளியே விட்டு விரட்டப் பார்க்கும். குத்து விழுந்துவிட்டால் உள்ளே ஒரு முட்டை. சில பூச்சிகளைக் குத்திவிட்டு முட்டையிடாமல் அந்தக் காயத்தில் வரும் சாற்றை மட்டும் குடித்துவிட்டுப் போகும், அதனாலும் மாவுப்பூச்சி சாகும்.

முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சிக்குள்ளேயே தின்று வளரும். மாவுப்பூச்சி கொஞ்ச நாள் வழக்கம்போல நடமாடும், பிறகு உப்பி, விறைத்து, பழுப்பு நிற உறையாக மாறும். இதைத்தான் பூச்சிக்காரர்கள் மம்மி என்பார்கள். கடைசியில் அந்த உறையின் ஒரு முனையில் வட்டமாகத் துளை போட்டுக் குளவி வெளியே வரும். ஒரு மம்மிக்கு ஒரு குளவிதான். முட்டையிலிருந்து குளவி வரை, வெப்பநிலையைப் பொறுத்து, சுமார் இரண்டு மூன்று வாரம்.

பறக்கும் குளவியைத் துரத்திப் பிடிப்பதைவிட மம்மியைத் தேடுவதே நல்லது. மம்மி ஓடாது, எந்தப் பூச்சியிலிருந்து உண்டானது என்ற சாட்சியும் அதனிடமே இருக்கிறது.

எப்போது போவது, எந்தக் காட்டுக்குப் போவது

பிப்ரவரி முதல் மே வரை சரியான காலம். வறட்சியில் மாவுப்பூச்சி ஏறும், பின்னாலேயே குளவியும் ஏறும். நல்ல மழை பெய்தால் பூச்சி கழுவிக்கொண்டு போய்விடும், அப்போது போய்த் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதினால் அந்த "இல்லை"க்கு மதிப்பு கிடையாது.

காட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், கேட்கும்போதே கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள் என்றும், யாராவது குளவி கொண்டுவந்து விட்டார்களா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பதிலும் இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். போன வாரம் மருந்தடித்த காட்டில் குளவி இல்லாமல் இருப்பது இயல்பு. குளவி விட்ட காட்டிலேயே மறு வாரம் குளவியைப் பார்த்துவிட்டுப் பரவிவிட்டது என்று சொல்வதும் தப்பு, விட்ட இடத்தில் இருப்பது வேறு, நிலைத்து நிற்பது வேறு. அடுத்த கோடையிலும் அதே இடத்தில் கிடைத்தால்தான் நிலைத்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பூச்சி அதிகம் என்று கேள்விப்பட்ட காடுகளுக்கு மட்டும் போனால் வரைபடம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். நான் செய்வது இப்படி: ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று, அங்கே முதலில் கண்ணில் படும் மரவள்ளிக் காட்டை எடுத்துக்கொள்வேன், அது பச்சைப் பசேலென்று பூச்சியே இல்லாமல் இருந்தாலும் சரி.

காட்டுக்குள்

வரப்போரச் செடிகளோடு நின்றுவிடாமல் குறுக்காக நடந்து, ஒரு காட்டுக்கு 20 செடி பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் நுனிக் குருத்து ஒரு சாண் அளவு பார்த்தால் போதும். பூச்சி உண்டா இல்லையா, எந்த வகை, மம்மி எத்தனை, அதில் துளை விழுந்தது எத்தனை, எறும்பு உண்டா என்று செடிவாரியாகக் குறியுங்கள். எறும்பு முக்கியம், அது மாவுப்பூச்சியின் தேன் கழிவுக்காகக் காவல் காத்துக் குளவியை விரட்டும், எறும்பு மொய்த்த குருத்தில் மம்மி குறைவாக இருந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

துளையையும் கவனித்துப் பாருங்கள். குளவி வந்த துளை ஊசியால் குத்திச் சுற்றி அறுத்த மாதிரி வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்கும். பொறிவண்டு கடித்த பூச்சி பிய்ந்து கிழிந்து கிடக்கும்.

அப்புறம், மம்மி இருக்கும் குருத்தின் நுனியை மட்டும் வெட்டிக் காகித உறையில் போட்டு, அந்த உறையை மூடி இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் சீக்கிரமே வியர்க்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும். உறை மேல் பென்சிலால் காட்டு எண், செடி எண், தேதி. இதையெல்லாம் அங்கேயே நின்று எழுத வேண்டும், வண்டியில் ஏறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் மூன்றாவது காட்டில் எல்லாம் குழம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை, இதில் விளையாடவே கூடாது. உயிருள்ள மாவுப்பூச்சியைப் பூச்சி இல்லாத ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தப் பூச்சி பரவுவதே பெரும்பாலும் விதைக்கரணை வழியாகத்தான், உங்கள் சட்டைக் கையும் பையும் அதற்கு இன்னொரு வழியாகிவிடக் கூடாது. காட்டை விட்டு வெளியே வந்ததும் உடையைத் தட்டி உதறுங்கள், கத்தரியைத் துடையுங்கள். வேலை முடிந்த குருத்துகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

ஒரு மம்மிக்கு ஒரு குப்பி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆரம்பத்தில் நான் ஒரு காட்டின் குருத்தையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு மேலே துணி கட்டி வைத்தேன். பத்து நாளில் பதினைந்து இருபது குளவி வந்தது, பாதி கறுப்பு, பாதி மஞ்சள். எது எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று சொல்ல வழியே இல்லை, அந்தக் காட்டின் முழு வேலையும் வீணாகிவிட்டது. கோடை முடிந்திருந்ததால் திரும்பப் போய் எடுக்கவும் முடியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஈரப்படுத்திய மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மம்மியையும் இலையிலிருந்து நோகாமல் பெயர்த்தெடுத்து, முதலில் லென்ஸில் பார்த்து எந்த மாவுப்பூச்சியின் உறை என்று எழுதி, அப்புறம் காலியான ஜெலட்டின் கேப்சூலுக்குள் ஒன்று ஒன்றாகப் போட்டு மூடுங்கள். உறையை வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால் அதே குருத்தில் உயிரோடு இருக்கும் பூச்சிகளைப் பார்த்து, "கூட்டத்தில் இருந்தவை இவை" என்று அதையும் எழுதுங்கள், ஊகத்தை உறுதி போல எழுதிவிடாதீர்கள். கேப்சூல் ஈரக்கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். கேப்சூல் இல்லாவிட்டால் சின்னக் கண்ணாடிக் குப்பியும் பஞ்சும் போதும்.

மம்மியாகாத, பெரிதாக வளர்ந்த பூச்சிகளிலும் கொஞ்சம் எடுத்து, குருத்தோடு ஒரு டப்பாவில் வைத்து 25 நாள் வரை பார்க்கலாம், உள்ளே புழு இருந்தால் தெரிந்துவிடும். டப்பா வாயில் மெல்லிய மல் துணி கட்ட வேண்டும், கொசுவலைக் கண் வழியாக இந்தக் குளவி சாதாரணமாகப் போய்விடும். அடியில் டிஷ்யூ காகிதம் போட்டு ஈரமானதும் மாற்றுங்கள், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள், மேசைக் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஒரே இரவில் எல்லாவற்றையும் காலி பண்ணிவிடும். தினமும் காலையில் ஒரு முறை பார்த்து, குளவி வந்த தேதியைக் குறியுங்கள்.

இதுதானா அது?

வெளியே வந்த குளவி உயிரோடு இருக்கும்போதே, கேப்சூலுக்குள்ளேயே, மில்லிமீட்டர் வரைபடத்தாள் மேல் வைத்து போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டிப் படம் எடுங்கள். நிறம் பிறகு மங்கும். அப்புறம் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, ஆல்கஹால் குப்பிக்கு மாற்றுங்கள். டிஎன்ஏ பார்க்க வேண்டும் என்றால் 95 சதவீத எத்தனால் வேண்டும், பக்கத்தில் கல்லூரி ஆய்வகம் இருந்தால் கேட்கலாம். உருவத்தை மட்டும் பார்க்க மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தற்காலிகமாகப் போதும். காலி மம்மி உறையை எறிந்துவிடாமல் அதே எண்ணில் தனியாக வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

இப்போது நுண்ணோக்கியில் பார்ப்போம். முதலில் குடும்பம்: இறக்கையில் நரம்பு வலை இல்லாமல் முன் ஓரத்தில் மட்டும் குட்டையாக ஒரு நரம்பு, மார்பின் பக்கவாட்டில் உப்பிய ஒரே பெரிய தகடு, நடுக்காலின் முனையில் தடித்த முள். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் என்சிர்டிடே குடும்பம், அந்தக் காலால்தான் இவை எகிறிக் குதிக்கின்றன. அடுத்தது பேரினம்: பெண்ணின் உணர்கொம்பில் அடித்துண்டு நீளமாக, இலை மாதிரி தட்டையாக அகன்றிருந்தால் அனகைரஸ் என்று நினைக்கலாம். ஆணின் உணர்கொம்பு மெல்லியது, நீள நீள முடி நிறைந்தது. சிறிய மாவுப்பூச்சிகளிலிருந்து ஆண்தான் அதிகம் வரும், ஆணை மட்டும் வைத்து இனம் சொல்ல முயலாதீர்கள், பெண் கிடைக்கும் வரை பொறுங்கள்.

மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வந்தால் அது பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சியின் ஒட்டுண்ணியான அசிரோஃபேகஸ் பப்பாயே. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து தமிழ்நாட்டில் விட்டார்கள், அது இங்கே நன்றாகவே நிலைத்துவிட்டது. அதையும் பதிவு செய்யுங்கள், தனி வரியில்.

மம்மியிலிருந்து வருவதெல்லாம் நல்ல குளவி என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி உண்டு. சார்ட்டோசீரஸ் என்ற குட்டைக் கறுப்புக் குளவிக்கு உணர்கொம்பின் முனை பிரிவே இல்லாத நீண்ட ஒரே துண்டாக இருக்கும். புரோக்கிலோனியூரஸ் என்று இன்னொன்று, அதன் முதுகில் விறைப்பான முடிக் கற்றை நிற்கும். இவை நம் குளவியின் புழுவைத் தின்று அதே உறையிலிருந்து கொஞ்சம் தாமதமாக வெளியே வருபவை. வெளிவந்த தேதியைக் குறிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனகைரஸ் என்று தெரிந்தவுடன் லோபெசி என்று எழுதிவிடாதீர்கள். செம்பருத்தி மாவுப்பூச்சியைத் தாக்கும் அனகைரஸ் கமாலி போல இந்தப் பேரினத்தில் வேறு இனங்களும் இந்தியாவில் இருக்கின்றன. மரவள்ளி மாவுப்பூச்சியின் மம்மியிலிருந்து, நீங்கள் பார்க்கப் பார்க்க வெளியே வந்த கறுப்புப் பெண் அனகைரஸ் என்றால் வாய்ப்பு மிக அதிகம், ஆனாலும் ஒரு மாவட்டத்தில் முதல் பதிவு என்றால் நிபுணர் கண்ணில் படாமல் வெளியிடக் கூடாது. அதுவரை "அனகைரஸ் இனம், லோபெசியாக இருக்கலாம்" என்று எழுதுங்கள், அது குறையே இல்லை. டிஎன்ஏவை வைத்து இனத்தை அடையாளம் காணும் பட்டைக்குறி முறைக்கு மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ1 மரபணுவில் 658 எழுத்துத் துண்டைப் படிப்பார்கள், ஒரு பெண் குளவியை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

எழுதி வைப்பது

ஒரு காட்டுக்கு ஒரு வருகை, அது ஒரு வரி. மாவட்டம், வட்டம், கிராமம், அட்சரேகை, தீர்க்கரேகை, போன் காட்டும் ஜிபிஎஸ் பிழை எத்தனை மீட்டர், தேதி, பார்த்தவர், செடி எத்தனை பார்த்தீர்கள், எந்த மாவுப்பூச்சி, மம்மி எத்தனை, குளவி வெளிவந்தது எத்தனை, ஆண் எத்தனை பெண் எத்தனை, மருந்து விவரம், இனத்தை யார் உறுதி செய்தார், மாதிரி எங்கே இருக்கிறது. நிலக்காரர் பெயரும் போன் எண்ணும் உங்கள் நோட்டோடு இருக்கட்டும், வெளியிடும் அட்டவணையில் வேண்டாம்.

அட்சரேகையைத் தசம பாகையில் நான்கு இலக்கம் வரை எழுதினால் போதும், அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். இரண்டையும் இடம் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது. தமிழ்நாட்டில் அட்சரேகை 8 முதல் 13.6க்குள், தீர்க்கரேகை 76 முதல் 80.4க்குள்தான் வரும். ஆத்தூர் பக்கத்துக் காட்டின் 11.6, 78.5 என்பதைத் திருப்பிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் போய் விழும். அட்டவணை முடிந்ததும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிலோ கூகுள் வரைபடத்திலோ போட்டு எல்லாப் புள்ளியும் தரையில், மரவள்ளி விளையும் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

"இல்லை" என்பதையும் எழுத வேண்டும், எவ்வளவு தேடி இல்லை என்பதோடு சேர்த்து. நூற்றுக்கு இரண்டு பூச்சியில்தான் குளவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பூச்சியை வளர்த்துப் பார்த்தால் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு 64 சதவீதம்தான், 150 பார்த்தால் 95 சதவீதம். "10 பூச்சி பார்த்தேன், குளவி இல்லை" என்றால் அது ஒன்றும் சொல்லவில்லை. "150 பார்த்தேன், இல்லை" என்றால் அந்த ஊருக்குக் குளவி கொண்டுபோய் விடக் கேட்க அது ஒரு ஆதாரம். அதேபோலச் செடியில் கிடக்கும் மம்மியை எண்ணி அதையே ஒட்டுண்ணி விகிதம் என்று சொல்லிவிடாதீர்கள். பழைய உறைகள் உதிராமல் பல நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், கணக்கு ஊதிப்போகும். எடுத்து வளர்த்த பூச்சி எத்தனை, அதில் குளவி வந்தது எத்தனை, அந்தக் கணக்குதான் நிற்கும்.

யாரிடம் சேர்ப்பது

படத்தோடு கூடிய பதிவை, யார் வேண்டுமானாலும் உயிரினப் பதிவு போடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் இந்தியப் பல்லுயிர் வலைவாசலிலும் போடலாம், ஐநேச்சுரலிஸ்டில் உறுதியான பதிவுகள் தகுந்த உரிமத்தில் இருந்தால் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். மாதிரிகளைப் பெங்களூரு பணியகத்துக்கோ, பக்கத்து வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறைக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். குப்பியை ஆல்கஹாலால் முழுக்க நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், குமிழ் இருந்தால் வழியெல்லாம் ஆடி உணர்கொம்பு ஒடிந்துவிடும், உணர்கொம்பு இல்லாத குளவியை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப நினைத்தால் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் இருக்கின்றன, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் கேட்காமல் ஒரு குப்பிகூட வெளியே போகக் கூடாது.

முடிவு வந்ததும் அந்தக் காட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். குளவி இருக்கிறது என்றால், நேரில் போய் ஒரு மம்மியை லென்ஸில் காட்டி, துளையைக் காட்டி, இது இருக்கும் குருத்தை ஒடித்து எரித்துவிடாதீர்கள், இந்தப் பக்கம் மட்டுமாவது மருந்தை நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அடுத்த மார்ச்சில் அதே 20 செடிக் கணக்கோடு அதே காட்டுக்குத் திரும்பப் போக வேண்டும், தேதியை இப்போதே நோட்டில் குறித்துவிடுங்கள்.